ஏழு பை எழுபது

கொல்லிமலை ஏறும் சாலையின் ஏழாவது வளைவு குரங்குகளின் நிர்வாகத்தில் இருக்கிறது. திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு அந்த நிர்வாகிகள் இருபது பேர் தடுப்புச் சுவர்மேல் வரிசையாக உட்கார்ந்து, ஒரு கனத்த மனிதர் கடப்பாரையோடு மல்லுக்கட்டுவதை மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கனத்த மனிதர் செங்கோடன். பேளுக்குறிச்சியில் உரக்கடை மாடியில் ‘செங்கோடன் துப்பறியும் நிலையம்’ நடத்துகிறவர். காணாமல் போன எருமையையும் ஓடிப்போன மாப்பிள்ளையையும் ஒரே மாதிரி, காலடித் தடம் பார்த்தே கண்டுபிடித்துக் கொடுத்த கீர்த்தி உடையவர். அவருக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றவள் சுமதி. ஜெராக்ஸ் முதல் ரயில் டிக்கெட் வரை எதையும் எடுத்துக் கொடுக்கும் கடை ஒன்றை அதே உரக்கடைக்குக் கீழே வைத்திருப்பவள். கடையைப் பூட்டிவிட்டு வரும் நேரங்களில் அவள் அவருடைய உதவியாளர்.

மூன்றாவது குழியில் ஓர் ஒற்றைச் செருப்பு கிடைத்தது.

“இதுவும் வரலாற்றுச் சின்னந்தானுங்க சார்,” என்றாள் சுமதி. “ஓரி மன்னன் வேட்டைக்குப் போறப்பத் தவறவிட்டதுனு எழுதிரலாம். ரப்பரா இருக்குதேனு எவனாச்சும் கேட்டா, அந்தக் காலத்துலயே நம்மகிட்ட ரப்பர் இருந்துச்சுனு சேத்து எழுதிரலாம்.”

செங்கோடன் அதைக் குழிக்கு வெளியே எறிந்தார். அவர் தேடியது செருப்பையல்ல, செப்பேட்டை.

மலைமேல் திருப்புலி நாடு என்கிற ஊர்த்தொகுதியின் மக்கள் கைவிசிறி அகலத்தில் ஒரு செப்பேடு வைத்திருந்தார்கள். அதில் பாதி எழுத்து யாருக்கும் புரியாது. மீதிப் பாதி தேய்ந்துவிட்டது. அதனாலேயே அதற்கு மரியாதை அதிகம். போன வெள்ளிக்கிழமை, தஞ்சாவூரிலிருந்து மதுரைக்குச் சுற்றுலாப் போன வழியில் அது காணாமல் போயிற்று. பழி, அந்தச் சுற்றுலாவுக்கு வண்டி ஓட்டிய தனபால் மேல் விழுந்தது. சொந்தமாக ஒரே ஒரு பஸ் வைத்திருக்கும் மலைக்காரன். இன்று மாலை நாலு மணிக்கு நாட்டுக் கூட்டம். அதற்குள் செப்பேடு வராவிட்டால் அவனைப் போலீஸில் ஒப்படைப்பது, இனி மலையில் ஒருவரும் அவன் வண்டியில் ஏறுவதில்லை என்று முடிவாகியிருந்தது.

தனபாலின் மனைவி தேன்மொழிதான் வழக்கைக் கொண்டுவந்தவள். இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டு, குழி வெட்டப்படும் வேகத்தைப் பார்த்துப் பொறுமை இழந்துகொண்டிருந்தாள். தன் புருஷனுக்குத் திருடத் தெரியாது என்பதற்கு அவள் சொன்ன ஆதாரம் எளிமையானது. “ஊட்டுல அவரே வெச்ச சாவிய அவரே ஒரு மணி நேரம் தேடுவாருங்க. அவரு ஒளிச்சு வெச்சு, அத அவரே திருப்பி எடுக்கறதா?”

ஆனால் அவள் கையில் ஒரு சீட்டு இருந்தது. சனிக்கிழமை பஸ்ஸைக் கழுவும்போது முன் சீட்டுக்கு அடியில் ஒட்டிக்கொண்டிருந்த துண்டுக் காகிதம். அதில் பேனாவால் எழுதியிருந்தது: 07/70.

மலையில் பிறந்த யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. மலைச்சாலைக்கு எழுபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் 1/70, 2/70 என்று பலகை நிற்கிறது. இங்கே ஆள் விலாசம் சொல்வதே அந்தக் கணக்கில்தான். இருபத்தேழில் டயர் வெடித்தது, நாற்பத்தொன்றில் மாமியார் வாந்தி எடுத்தார் என்றுதான் பேச்சு. ஆக, ஏழு பை எழுபது என்றால் ஏழாவது வளைவு. திருடன் செப்பேட்டைப் புதைத்த இடத்தைக் குறித்து வைத்திருக்கிறான். சீட்டு கிடந்ததோ தனபாலின் பஸ்ஸில். தேன்மொழி அதை நாட்டாரிடம் காட்டாமல், விடிந்ததும் மலையிறங்கி செங்கோடனிடம் கொடுத்தாள். அவர் அதை ஒரு முறை பார்த்து, “ஏழு பை எழுபது” என்று கம்பீரமாகப் படித்து, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கடப்பாரை வாங்கக் கிளம்பிவிட்டார். சுமதி அதைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. முக்கியத் தடயங்களை உதவியாளர்கள் தொடக்கூடாது என்பது நிலையத்தின் விதி.

நாலாவது குழியில் கல் மட்டும் இருந்தது. செங்கோடன் வேர்வையைத் துடைக்கக் கண்ணாடியைக் கழற்றிச் சுவர்மேல் வைத்தார். அந்த மேற்பார்வைக் குழுவில் மூத்தவர் ஒருவர் அதை எடுத்து, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து, மாட்டிப் பார்க்க முயன்று, சரிப்படாமல் பள்ளத்தில் வீசினார்.

“அவருக்கு உங்க பவர் ஒத்துவரலீங்க சார்,” என்றாள் சுமதி.

மணி பதினொன்று. ஏழாவது வளைவில் செப்பேடு இல்லை என்பது குரங்குகளுக்கே தெரிந்துவிட்டது. மூவரும் மலையேறினார்கள். தேன்மொழி தன் மொபெட்டில் முன்னே போக, சுமதியின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து செங்கோடன் ஒவ்வொரு வளைவிலும் எடையை எந்தப் பக்கம் சாய்ப்பது என்று ஆலோசனை சொல்லிக்கொண்டே வந்தார்.

குற்றம் சாட்டியவர் யார் என்று சொல்லியாக வேண்டும். அவர் ‘நெடுஞ்சாலைச் செம்மல்’ இளங்கோ. பேளுக்குறிச்சியில் பத்திரம் எழுதிக்கொண்டிருந்து, ஓய்வுக்குப் பிறகு வரலாறு எழுத ஆரம்பித்தவர். பத்திரம் எழுதிப் பழகிய கை ஆதலால் எந்தப் பேரரசுக்கும் முதலில் நான்கு எல்லை சொல்லிவிட்டுத்தான் மேலே போகும். ‘சாலை வழி சாம்ராஜ்யம்’ என்று அறுநூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில் ஒரு நூல் செய்திருந்தார். தமிழன் சாலையால் வாழ்ந்தான், ரயிலால் வீழ்ந்தான் என்பது அதன் சாரம். பட்டத்தை அவருக்கு வழங்கிய பேரவைக்கு அவரே தலைவர்.

திருப்புலி நாட்டார் முப்பத்தெட்டுப் பேரைச் சோழர் தலைநகரிலிருந்து பாண்டியர் தலைநகருக்கு அழைத்துப் போவது அவருடைய திட்டம். செப்பேட்டையும் தன் பையில் கொண்டுபோய் மதுரையில் ஓர் அறிஞரிடம் காட்டுவதாக ஏற்பாடு. தஞ்சாவூரிலிருந்து மதுரைக்கு பஸ்ஸா ரயிலா என்று போன மாதம் நாட்டுக் கூட்டத்திலேயே ஒரு நாள் முழுக்க வாதம் நடந்தது. பெண்கள் எல்லோரும் ரயில் கேட்டார்கள். அதில் கக்கூஸ் இருக்கிறது, காலை நீட்டலாம், ரயிலையே பார்த்ததில்லை என்று மூன்று காரணங்கள், மூன்றும் நல்ல காரணங்கள். இளங்கோ எழுந்து நின்று, ராஜராஜன் பாண்டி நாட்டுக்கு ரயிலிலா போனான் என்று முழங்கினார்.

“பின்ன பஸ்லயா போனான்?” என்று சென்னம்மாள் என்ற மிளகுக்காரி கேட்டதாகவும், அந்தக் கேள்வி நடவடிக்கைக் குறிப்பில் ஏறவில்லை என்றும் தேன்மொழி சொன்னாள். பஸ் முடிவாயிற்று. மதுரையில் இறங்கியதும், வந்த பஸ்ஸுக்குள்ளேயே செப்பேடு திருட்டுப் போய்விட்டதாக இளங்கோ அறிவித்தார். வழியெல்லாம் பஸ்ஸின் சாவியைக் கையில் வைத்திருந்த ஒரே ஆள் டிரைவர்.

“அவரு மலைக்கு வாரப்பக்கூட பஸ்ல வரமாட்டாராமே?” என்று நாற்பதாவது வளைவில் சுமதி கேட்டாள்.

ஓரி நடந்த பாதை என்று பழைய ஒற்றையடிப் பாதையில் நடந்தேதான் ஏறுவார், என்ன ஒரு வரலாற்றுப் பற்று என்று செங்கோடன் உருகினார். தஞ்சாவூருக்கும் ஏற்பாடுகளைக் கவனிக்க ஒரு நாள் முன்னதாகத் தனியே போய்விட்டாராம்.

“நெடுஞ்சாலைச் செம்மல் நெடுஞ்சாலையில போயி நாம பாத்ததே இல்லீங்க சார்.”

“ஓட்டுவதைப் பார்த்து ஓட்டும்மா,” என்றார் செங்கோடன்.

வாசலூர்பட்டி ஏரியில் படகு விடும் மாதன்தான் அவர்கள் தேடிப்போன சாட்சி. பஸ்ஸில் இளங்கோவுக்கு நேர் பின்சீட்டில் உட்கார்ந்து வந்தவன். ஒரு குடும்பத்தை வாத்துப் படகில் ஏற்றி, மிதிப்பது எப்படி என்று சொல்லிக்கொடுத்து அனுப்பிவிட்டு வந்து உட்கார்ந்தான்.

ஐயா ஏறியதைப் பார்த்தானா? பார்த்தான். விடியாத நேரம், ஏறி நின்று பத்து நிமிடம் முன்னுரை வழங்கினார். அப்புறம் தஞ்சாவூர் ஸ்டேஷன் பக்கம் டீக்கு நிறுத்தினார்கள். டீ குடித்துவிட்டு ஏறியபோது ஐயா முன்சீட்டில் தலைப்பாகையோடு, பொன்னாடையைக் கழுத்துவரை போர்த்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டிருந்தார். ஸ்பீக்கரில் பேச்சு ஆரம்பமாயிற்று. மதுரை வரை நிற்கவில்லை.

“முகத்தப் பாத்தியா?” என்று செங்கோடன் கேட்டார்.

“பின்னாடி இருந்து எப்படிங்க முகம் தெரியும்? தலப்பா தெரிஞ்சுது. அது போதும்னு விட்டுட்டமுங்க.”

வழியில் விசேஷமாக ஏதாவது நடந்ததா என்றதற்கு மாதன் யோசித்தான். புதுக்கோட்டை தாண்டி பஞ்சர். அரை மணி நேரம் பஞ்சர் கடை வாசலிலேயே வண்டி நின்றது. ஐயா பேச்சை நிறுத்தவில்லை. ‘இதோ இடப்புறம் விண்ணை முட்டி நிற்கிறதே திருமயம் கோட்டை’ என்றார். எல்லோரும் இடப்புறம் திரும்பிப் பார்த்தார்கள். பழைய டயர்களைக் குவித்து வைத்திருந்தது. சென்னம்மாள் கும்பிட்டுக்கூட விட்டாள்.

“ஒருத்தருக்கும் சந்தேகம் வரலையா?”

“எதுக்குங்க வரோணும்? இல்லாததக் காட்டிப் பேசறதுதானுங்களே அவரு தொழில். டயருக்குப் பின்னாடி எங்கியோ இருக்குதாட்டம் இருக்குதுனு இருந்துட்டோம்.” பிறகு மாதன் குரலைத் தாழ்த்தினான். “ஒண்ணு மட்டும் சொல்றனுங்க, வெளிய சொல்லிராதீங்க. அன்னிக்கு ஐயா மேல ஒரே பலாப்பழ வாசம். குளிச்சிருக்க மாட்டாருன்னு நெனச்சுட்டு நாங்களும் கண்டுக்கல. சக்கரை வியாதிக்காரரு, நாலு மணி நேரத்துல ஒருக்காகூட ஒண்ணுக்குப் போக எறங்கல. பெரியவங்க பெரியவங்கதானுங்க.”

செங்கோடன் இதைக் குறிப்பேட்டில் ‘மன உறுதி’ என்று எழுதிக்கொண்டார்.

தனபாலின் பஸ், கூட்டம் நடக்கும் மைதானத்தின் ஓரம் நின்றது. அவன் டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்தான். கட்டிப்போடவில்லை. ஓடமாட்டான் என்று எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் காவலுக்கு இரண்டு பேர் நிழலில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அவன் சாப்பிடவில்லை என்று தேன்மொழி ஒரு தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு வந்தாள். அவன் அவள் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டான்.

செங்கோடன் தொண்டையைச் செருமினார். “இளங்கோ ஐயா தஞ்சாவூர்ல உன் வண்டியில ஏறினாரா?”

“ஏறுனாருங்க.”

“எங்கே உட்கார்ந்தார்?”

“அவருக்குனு முன்சீட்டத் தொடச்சு வெச்சிருந்தனுங்க.”

“மதுரை வரைக்கும் வந்தாரா?”

தனபால் ஸ்டியரிங்கைப் பார்த்தான். “மதுரை வரைக்கும் அவரு பேச்சு கேட்டுச்சுங்க.”

“அவர் வந்தாரான்னு கேட்டேன்.”

“நீங்க கேட்டதும் கேட்டுச்சுங்க.”

அதற்கு மேல் அவன் வாயைத் திறக்கவில்லை. தேன்மொழி மிரட்டினாள், கெஞ்சினாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வண்டியையும் பேரையும் இழந்துவிட்டு, ஜெயிலுக்குப் போய் அங்கே யாரிடம் மரியாதை காட்டப்போகிறாய் என்று கேட்டாள். அவன் ஸ்டியரிங்மேல் வைத்த கையை எடுக்கவே இல்லை.

கீழே இறங்கியதும் செங்கோடன் மூன்று பதில்களும் தெளிவாக இருந்ததாகச் சொன்னார்.

“தெளிவுதானுங்க சார். ஆனா நீங்க ஒரு ஊட்டுக் கதவத் தட்டறீங்க, அவரு பக்கத்து ஊட்டுலிருந்து பதில் சொல்றாரு. ‘வந்தாரு’ங்கறது ஒரே வார்த்தை. அதச் சொல்ல மாட்டேங்கறாரு. பொய் சொல்லவும் முடியல, நெசம் சொல்லவும் முடியல.”

செங்கோடன் யோசிக்கும்போது தடயத்தைக் கையில் வைத்துக்கொள்ளும் பழக்கமுள்ளவர். சட்டைப் பையிலிருந்து சீட்டை இழுத்தார். பையோடு ஒட்டிக்கொண்டு வந்தது. கண்ணுக்கு நேரே பிடித்தார். கையை நீட்டித் தூரத்தில் பிடித்தார். கண்ணாடி பள்ளத்தில் கிடப்பது நினைவுக்கு வர, நிலையத்தின் விதியை முதன்முறையாகத் தளர்த்தி அதைச் சுமதியிடம் கொடுத்தார்.

சுமதி பார்த்தாள். மூக்கருகில் கொண்டுபோனாள். விரலைத் தேய்த்துப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். காவலுக்குத் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் எழுந்து உட்கார்ந்து பார்க்கும் அளவுக்குச் சிரித்தாள்.

“சார், இது சைபர் இல்லீங்க. சைபருக்கு எங்கயாச்சும் முதுகு நேரா இருக்குமா? இது இங்கிலீஷ் எழுத்து, டி. டி ஏழு, எழுபது. ரயில்ல உக்காந்து போற பொட்டி. டி செவன், எழுபதாவது சீட்டு. எங்கடையில வாரத்துக்கு நாலு பேருக்கு இப்படித்தான் எழுதிக் குடுக்கறேன். மலைக்காரங்க கண்ணுல எழுபதுனு பட்டாலே வளைவுதான். சரி, மலையடிவாரத்துக்காரர் உங்களுக்கு என்னங்க சார் வந்துச்சு?”

செங்கோடன் எதிர்மலைப் பக்கம் திரும்பிக்கொண்டார். “நானும் அதைத்தான் சந்தேகப்பட்டேன்.”

“ஆமாங்க. நாலு குழி ஆழத்துக்குச் சந்தேகப்பட்டீங்க.”

“ஒட்டுவது என்ன?”

“பலாப் பால். வாசமே வருதே.”

அவர் கண்ணை மூடினார். செங்கோடனை அவருடைய வாடிக்கையாளர்கள் பத்து வருடமாகப் பொறுத்துக்கொள்வதற்குக் காரணம், எப்போதாவது ஒரு முறை அவர் இப்படிக் கண்ணை மூடுவதுதான். டீக்கடையில் நிற்கிற பஸ், பக்கத்தில் ரயில்வே ஸ்டேஷன். நாலு மணி நேரம் நிற்காத பேச்சு. பஞ்சர் கடையில் எழும்பிய கோட்டை. ஒன்றுக்கு இறங்காத சர்க்கரை வியாதி. ஒன்றன்பின் ஒன்றாக அவர் விரல் மடக்கினார்.

“சுமதி. அந்த முன்சீட்டில் தஞ்சாவூரிலிருந்து மதுரை வரை தலைப்பாகை கட்டி உட்கார்ந்து வந்தது ஒரு பலாப்பழம்.”

“பேச்சு?”

“பென்டிரைவ். முன்கூட்டியே பதிவு செய்தது. பஸ் பஞ்சர் ஆகும் என்று அதற்குத் தெரியாது. மதுரையில் எல்லோரும் இறங்கும் சந்தடியில் ஐயா ஏறி, பழத்தை அகற்றித் தலைப்பாகையை மாட்டிக்கொண்டிருப்பார், பலாப் பால் ஒட்டிய கையிலிருந்து இந்தச் சீட்டு அப்போதுதான் விழுந்திருக்கும்.”

முப்பத்தெட்டுப் பேர் நாலு மணி நேரம் ஒரு பலாப்பழத்திடம் சரித்திரம் கேட்டிருக்கிறார்கள், ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. சுமதி மறுபடி சிரிக்கப்போய், தேன்மொழியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

தேன்மொழி சிரிக்கவில்லை. தன் ரயில் சவாரியை மறைக்க, ரயிலில் விட்ட செப்பேட்டை பஸ்ஸில் திருடு போனதாகச் சொல்லி, ஒரு குடும்பத்தையே அந்த மனிதர் பள்ளத்தில் தள்ளப் பார்க்கிறார். இப்போதே போய்த் தலைப்பாகையைப் பிடித்து உலுக்குவேன் என்று கிளம்பினாள். சுமதிதான் தடுத்தாள். சீட்டில் பேர் இல்லை, தேதி இல்லை. செம்மல் ஒரு மணி நேரம் பேசினால் சீட்டும் பலாப்பழமும் தனபால் தலையிலேயே வந்து விழும். அவர் வாயால் வர வேண்டும்.

“வரும்,” என்றார் செங்கோடன். “ஒரு மனிதன் எதற்காக மலையை நடந்தே ஏறுகிறான்?”

சுமதி அதற்குள் போனை எடுத்து ரயில்வே விசாரணை எண்ணை அழைத்துக்கொண்டு ஓரமாகப் போயிருந்தாள்.

நாலு மணிக்கு மைதானம் நிறைந்தது. இளங்கோ ஓரி வழியில் நடந்து வந்து சேர்ந்திருந்தார். மாலை போட்டுக்கொண்டு நாற்பது நிமிடம் பேசினார். மூவேந்தரில் ஆரம்பித்து, நான்கு எல்லை சொல்லி, கடைசியில் தனபாலுக்கு வந்தார். “களவுண்ட அச்செப்பேடு இம்மலையின் உயிர். அதனைக் கவர்ந்த கரத்தைக் காலம் மன்னிக்காது,” என்றார். தனபால் தலை குனிந்து நின்றான்.

செங்கோடன் எழுந்தார். தனக்கு ஒரு தடயம் கிடைத்திருப்பதாகவும், அது 7/70 என்ற ஒரு சீட்டு என்றும் அறிவித்தார். கூட்டம் முழுக்க ஒரே மூச்சாக “ஏழாவது வளைவு” என்றது. சுமதி கூட்டத்தைப் பார்க்கவில்லை, செம்மலைத்தான் பார்த்தாள். அவர் சந்தனத்துக்குக் கீழே நெற்றி வேர்த்திருந்தது. மறுத்துச் சொல்ல வாயெடுத்தவர், என்ன சொல்லி மறுப்பது என்று தெரியாமல் மூடிக்கொண்டார்.

இருட்டுவதற்குள் அங்கே போய்த் தோண்டியாக வேண்டும், கிடைப்பது அசல்தானா என்று சொல்லக்கூடியவர் ஐயா ஒருவரே, ஆகவே எல்லோரும் தனபாலின் பஸ்ஸிலேயே இறங்குவோம், ஐயாவுக்கு முன்சீட்டு என்று செங்கோடன் கைகூப்பிச் சொன்னார்.

“யாம் ஓரி வழியே நடந்து வருவோம்,” என்றார் இளங்கோ.

“நடந்தா விடிஞ்சுருமுங்க,” என்று மாதன் எழுந்தான். “தஞ்சாவூருல இருந்து மதுரைக்கு பஸ்ல அசையாம வந்த ஐயாவுக்கு இந்த எழுபது வளைவு எம்மாத்திரமுங்க.”

மாதன் அதைப் பெருமையோடு, உள்ளபடியே நம்பித்தான் சொன்னான். கூட்டம் கை தட்டியது. அந்தக் கைதட்டலிலேயே செம்மலைத் தூக்கிக்கொண்டு போய் முன்சீட்டில் வைத்துவிட்டார்கள்.

தனபால் வண்டியை எடுத்தான். மேலிருந்து இறங்கும்போது முதலில் வருவது எழுபதாவது வளைவு. அதில் இளங்கோ மைக்கைப் பிடித்து, “இம்மலைவழி” என்று தொடங்கினார். அறுபத்தொன்பதில் ஒரு நீண்ட சொல்லைப் பாதியில் விட்டார். மீதியை யாரும் கேட்கவில்லை. அறுபத்தெட்டில் சன்னலைத் திறக்கச் சொன்னார். அது திறந்துதான் இருந்தது. சுமதி பின்சீட்டிலிருந்து எட்டிப் பார்த்தாள். இந்த முறை தலைப்பாகைக்குக் கீழே முகம் இருந்தது, ஆனால் நிறம் பலாப்பழத்தின் நிறம்.

செங்கோடன் குனிந்து, ரொம்ப மரியாதையாகக் கேட்டார். “ஐயா, வெள்ளிக்கிழமை தஞ்சாவூரிலிருந்து மதுரைக்கு எப்படி வந்தீங்க?”

பஸ் அறுபத்தேழில் திரும்பியது. அந்தத் திருப்பத்தில் நெடுஞ்சாலைச் செம்மலின் நாற்பது வருடச் செந்தமிழ் வெளியே கொட்டிப்போயிற்று.

“நிறுத்துடா கண்ணு, வவுத்தப் பொரட்டுது. ரயில்ல… ரயில்லதான்டா சாமி வந்தேன். டி ஏழு, எழுபது, சன்னலோரம். எனக்குச் சின்னதுல இருந்தே பஸ்ஸு ஒத்துக்காது. பைய சீட்டுக்கடியில வெச்சேன், எறங்குறப்ப மறந்துட்டேன். நிறுத்துடா.”

மைக் இன்னும் கையில் இருந்தது. பஸ்ஸின் நாலு ஸ்பீக்கரிலும் அது கடைசி சீட்டு வரை கேட்டது.

தனபால் ஓரமாக நிறுத்தினான். “ரயில்ல கக்கூஸ் நல்லா இருந்துச்சுங்களா?” என்று சென்னம்மாள் கேட்டாள். அதற்கப்புறம் பஸ் குலுங்கிய குலுக்கலில் இளங்கோவுக்கு மறுபடி வயிற்றைப் புரட்டியது.

தேன்மொழி மட்டும் சிரிக்காமல் புருஷன் எதிரே போய் நின்றாள். தெரிந்தும் ஏன் மூன்று நாளாக வாயைக் கட்டிக்கொண்டிருந்தாய் என்று கேட்டாள்.

“தஞ்சாவூருல எறங்குறப்ப என் கையப் புடிச்சு ஸ்டியரிங் மேல வெச்சுச் சத்தியம் வாங்கிட்டாரு,” என்றான் தனபால். “பஸ்ல நான் வரலைங்கறத உன் வாயால சொல்லக்கூடாதுன்னு. அத மீறிட்டு, அதே ஸ்டியரிங்கப் புடிச்சு நாளைக்கு எழுபது வளைவு எப்படித் திருப்பறது? வண்டியில புள்ளகுட்டிக இருக்கும். இப்ப அவரு வாயால வந்துருச்சு. நான் சொல்லல.”

தேன்மொழி அவனை அடிக்கக் கையை ஓங்கினாள். ஓங்கிய கை அவன் தோளில் போய் விழுந்து அங்கேயே இருந்துவிட்டது. நாட்டுப் பெரியவர்கள் மூன்று பேர் சீட்டிலிருந்து எழுந்து, முன்னால் வந்து, தனபாலின் முதுகைத் தட்டிவிட்டுப் போய் உட்கார்ந்தார்கள். மலையில் அதுதான் தீர்ப்பு.

அப்போது சுமதியின் போன் அடித்தது. அவள் கேட்டாள், தலையாட்டினாள், நன்றி சொன்னாள்.

“செப்பேடு பத்தரமா இருக்குதுங்க. ரயில் போயி நின்ன கடைசி ஸ்டேஷன்ல எடுத்து வெச்சிருக்காங்க. ‘பழைய செம்புத் தகடு, எழுத்துத் தெரியவில்லை’னு எழுதியிருக்காங்களாம். நாளைக் காலையில வாங்கிக்கலாம். ஆனா வேற யாருக்கும் தரமாட்டாங்க. டிக்கெட் யாரு பேருல இருக்குதோ அவரே நேர்ல வரோணுமாம்.”

எல்லோரும் முன்சீட்டைப் பார்த்தார்கள்.

நடந்து இறங்கலாமா என்று இளங்கோ முனகினார். நடந்தால் காலைக்குள் போய்ச்சேர முடியாது என்று பஸ் முழுக்கச் சொன்னது. தேன்மொழி ஓர் எலுமிச்சம்பழத்தையும் ஒரு பிளாஸ்டிக் கவரையும் அவர் மடியில் வைத்தாள். வைத்த வேகத்தில் கொஞ்சம் கோபம் மிச்சமிருந்தது. மைக்கை அவர் கையிலிருந்து பிடுங்கி மேலே மாட்டினாள்.

தனபால் சாவியைத் திருப்பினான். இளங்கோ கண்ணை இறுக மூடிக்கொண்டு, எலுமிச்சம்பழத்தை மூக்கில் அழுத்திக்கொண்டு, ரொம்பச் சின்னக் குரலில் கேட்டார்.

“இன்னும் எத்தன கண்ணு?”

“அறுபத்தாறுங்க,” என்று சொல்லி, தனபால் கியரைப் போட்டான்.